உழவு யந்திரத்தைப் போர்த்து வைக்கலாமா?

மாசி, பங்குனி மாதங்களில் அரிவு வெட்டும் சூடடிப்பும் முடிந்து நெல் மூடைகள் வீடு வந்து சேர்ந்தபின், வானம் பார்த்த வயல்களைச் செய்யும் கமக்காரரின் உழவு யந்திரத்துக்கு நீண்ட ஓய்வு கிடைக்கின்றது. குளத்து நீரைப் பெற்றுச் சிறுபோகமும் செய்வோருக்கு அவ்வோய்வு சில கிழமைகளே. மற்றையோரின் யந்திரமோ ஆவணி, புரட்டாதியில் மீண்டும் நிலம் புரட்டும்வரை ஐந்தாறு மாதங்கள் பெரும்பாலும் ஓரிடத்திலேயே நிற்கும். உழைக்குங் காலத்தில் யந்திரம் தேய்வடைவதை எல்லோரும் அறிவர். சும்மா நிற்குங் காலத்திலும் அது கெடுகின்றது என்பதும், சில வேளைகளில் உழைக்கும்போது கெடுவதிலும் பார்க்க விரைவாகக் கெடுகின்றது என்பதும் பலரின் கவனத்துக்கு வருவதில்லை. அடுத்த போகத்தின் முதல் மழை விழுந்த அன்று கைபிடியைச் சுழற்றியும் எஞ்சின் அசையாதபோதே அது தெரியவருகின்றது. அப்பொழுது அயலார் யாவரும் தத்தம் வயலில் நிற்பர். திருத்துநர் கிடைப்பதும் அரிது. விதைப்புக்குரிய ஈரமும் நில்லாது போய்விடும்.

இக்கேட்டைத் தவிர்க்க ஒரு படங்கை வாங்கி யந்திரத்தை மூடிக் கட்டிவிட்டாற் போதுமென்று எண்ணுவோர் பலர். படங்கினால் நன்மையுண்டு, தீமையும் உண்டு. அது மழையையும் வெயிலையும் தடுக்கின்றது. அதே வேளையில் உள்ளே உள்ள ஈரத்தை வெளியேறவிடாமலும் தடுக்கின்றது. ஆகவே யந்திரம் நிற்கும் இடம், நிற்கும் காலம், போர்வையின் வகை ஆகிய மூன்றையும் பார்த்தே போர்த்துவதா விடுவதா என்று தீர்மானித்தல் வேண்டும்.

இரும்பிற் கறள் பிடிப்பதற்கு நீரும் காற்றும் வேண்டும். மழை நீரே வேண்டுமென்பதில்லை. காற்றிலுள்ள ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேற்பட்டாலே கறள் பிடிப்பது விரைவுபடும். இலங்கையின் உலர் வலயத்திற்கூட இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதன் இவ்வளவைக் கடந்து நிற்பது வழக்கம். இதனோடு பனியும் சேருகின்றது. இரவில் இரும்பு தன் வெப்பத்தை இழந்து குளிர்ந்துவிடும். 30 பாகை வெப்பமும் 75 வீத ஈரப்பதனுமுள்ள காற்று, 25 பாகையளவுக்கு அல்லது அதனிலுங் கீழே குளிர்ந்துள்ள இரும்பிற் பட்டால் நீர்த்துளியாக மாறி அதன்மேற் படியும். தை, மாசிப் பனிக்காலத்தில் வெளியில் விட்ட கலப்பையின் அலகு காலையில் நனைந்திருப்பதற்கு இதுவே காரணம். ஆயினும் திறந்த வெளியில் நிற்கும் யந்திரம், வெயில் ஏறியதும் காற்றுப்பட்டு உலர்ந்துவிடுகின்றது. பொலித்தீனால் இறுகக் கட்டிய யந்திரத்துக்கு அவ்வாய்ப்பில்லை. பகல் வெப்பத்தில் நிலத்திலிருந்து ஆவி எழுந்து பொலித்தீனின் உட்புறத்தில் தங்கும். இரவில் துளியாகி எஞ்சினின்மேற் சொட்டும். மறுநாளும் அவ்வாறே நிகழும். நெல் அவிக்கும் கிடாரத்தின் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பார்த்தவர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

ஓர் ஊரில் இரு கமக்காரர் ஒரே வகையான இருசில்லு உழவு யந்திரத்தை வைத்திருக்கின்றனர் எனக் கொள்க. ஒருவர் கடைசி உழவு முடிந்த மாலையே, சேறு படிந்தபடி யந்திரத்தை முற்றத்தில் நிறுத்தி, விதைநெல் மூடிய பொலித்தீனால் நிலம்வரை சுற்றிக் கட்டிவிடுகின்றார். மற்றவர் கழுவி, ஒரு பகல் வெயிலில் உலரவிட்டு, நான்கு பக்கமும் காற்று வரும் கிடுகுக் கொட்டிலில் எதனாலும் போர்க்காமல் நிறுத்துகின்றார். அயலார் பார்வைக்கு முன்னவரே கவனமுள்ளவராகத் தோன்றுவார். ஆவணியிற் பார்த்தால் அவருடைய யந்திரத்தில் ஆணிகளும் சுரைகளும் கறளினால் ஒட்டியிருக்கும். சேறு படிந்திருந்த இடமெல்லாம் பூச்சுக் கழன்றிருக்கும். மின்கம்பி இணைப்புகளிற் பச்சை பூத்திருக்கும். பின்னவருடையதில் தூசி மட்டுமே இருக்கும்.

யந்திரத்தை நிறுத்த எண்ணிய இடம் எத்தகையது என்பதைச் செலவின்றி அறிய ஓர் எளிய வழியுண்டு. ஒரு முழச் சதுரமான பொலித்தீன் துண்டை மாலையில் அந்நிலத்தின்மேல் விரித்து, ஓரங்களிற் கல்லை வைத்து அழுத்திவிட வேண்டும். மறுநாட் காலையிற் புரட்டிப் பார்க்கும்போது அடிப்புறத்தில் நீர் கோத்திருந்தால் அந்நிலம் ஈரத்தை மேலே விடுகின்றது என்பது தெளிவு. அவ்விடத்தில் நிலம்வரை மூடிக் கட்டுதல் தகாது. சீமெந்திட்ட தரையாயினும் இச்சோதனையைச் செய்து பார்த்தல் நன்று. அடியில் ஈரத்தடை இன்றிப் போட்ட சீமெந்தும் ஈரத்தை உறிஞ்சி மேலே விடும்.

எல்லாவற்றிலும் மேலானது கூரையே. அதற்குக் கற்சுவர் வேண்டியதில்லை. பனைமரத் தூண்களும் கிடுகும் போதும். தரையை முற்றத்திலும் முக்கால் அடி உயர்த்திக் கிறவலிட்டு இறுக்கினால், மார்கழி மாரியில் வெள்ளம் நின்றாலும் சில்லுகள் நனையமாட்டா. யந்திரத்தைச் சுற்றி இரண்டடி நடக்கத்தக்க இடமிருத்தல் வேண்டும். ஒடுக்கமான கொட்டிலில் ஒருவரும் யந்திரத்தைச் சுற்றிப் பார்ப்பதில்லை. வாடைக்காற்றோடு மழை வீசும் வடகீழ்ப் புறத்தை மட்டும் தட்டியால் அடைத்து, ஏனைய பக்கங்களைத் திறந்துவிடலாம். தகரக் கூரையிடுவோர் அதனைத் தூணோடு கம்பியாற் பிணைத்தல் வேண்டும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட முதியோர், கட்டப்படாத தகரம் என்ன செய்யும் என்பதைச் சொல்வர். கிடுகுக் கூரையின்கீழ் எரிபொருட் கலன்களை வைத்தலும், எஞ்சினை ஓடவிடுதலும் ஆபத்தானவை. நான்கு புறமும் அடைத்த கட்டடத்தினுள் எஞ்சினை ஓடவிட்டால் அதன் புகையே உயிரைக் கொல்லும்.

கூரையின்கீழ் நிற்கும் யந்திரத்தையும் போர்த்த வேண்டுமா? தூசியும் கோழியும் இல்லாத கொட்டிலானால் வேண்டியதில்லை. ஆனால் கோழிகள் இல்லாத கமக்காரர் வீடு எங்கே உண்டு? அவை கைபிடியிலும் இருக்கையிலும் அடையும்; அவற்றின் எச்சம் பூச்சை அரிக்கும். இத்தகைய இடத்திற் பழைய பருத்திச் சேலையையோ, நூற்றுணி விரிப்பையோ மேலே போட்டுவிடலாம். அது காற்றை விடும்; ஈரத்தைத் தேக்காது. இங்கே பொலித்தீன் ஒருபோதும் ஆகாது. பசளை மூடைகளையும் அதே கொட்டிலில் அடுக்குதல் கூடாது. யூரியாவும் பொட்டாசுப் பசளையும் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிவன. கசிந்த பசளை நீர் இரும்பை மிக விரைவாக அரிக்கும். எத்துணைச் சிறந்த போர்வையும் அதற்குத் தடையாகாது.

கொட்டில் அமைக்க இயலாது திறந்த வெளியில் நிறுத்துவோருக்கே போர்வை உண்மையிற் பயன்படும். வெயில் றப்பரை வெடிக்கச் செய்யும். இருக்கைத் தோலையும் எரிபொருட் குழாய்களையும் மின்கம்பி உறைகளையும் வறட்டும். நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய் வழியே மழை நீர் இறங்கினால் எஞ்சினுள்ளேயே கறள் பிடிக்கும். ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் வெளியில் நிற்கவேண்டிய யந்திரத்தைப் போர்த்துவதே நன்று. அதற்குக் கன்வஸ் படங்கு மிகப் பொருத்தமானது. அது சிறிதளவு காற்றை உள்ளே விடும். ஈரத்தோடு மடித்து வைத்தால் அது உக்கிப்போகும் என்பதொன்றே அதன் குறை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நெய்த பொலித்தீன் படங்கு மழையை நன்கு தடுத்தாலும் காற்றை விடாது. கடும் வெயிலில் ஓரிரு ஆண்டுகளுள் நைந்து தும்பாகிவிடும். அதனையே வாங்குவோர் வெளிர் நிறமானதைத் தெரிதல் வேண்டும். கறுப்பு நிறம் வெப்பத்தை உள்ளிழுத்து, அடியில் நிற்பதை வேக வைக்கும்.

படங்கைக் கட்டும் முறையிலேயே பெரும்பாலானோர் தவறுகின்றனர். அது யந்திரத்தின் உடலில் ஒட்டிக் கிடத்தல் ஆகாது. இரு கவர்க் கால்களை நட்டு, நடுவே ஒரு வளைமரத்தைக் கிடையாக வைத்து, அதன்மேற் படங்கைக் கூடாரம்போல் இரு புறமும் சரியவிட்டால், யந்திரத்துக்கும் படங்குக்குமிடையில் ஓரடி வெளி கிடைக்கும். ஓரங்கள் நிலத்திலிருந்து ஓரடி உயர்ந்திருத்தல் வேண்டும். இரு முனைகளும் திறந்திருக்கட்டும். காற்று அவ்வழியே புகுந்து செல்லும். சோளகக் காற்றுப் பலமாக வீசும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளிற் படங்கைத் தளரக் கட்டினால் அது இரவும் பகலும் படபடவென்றடித்து, இடையிற் புகுந்த மணலோடு உரைந்து, அரம்போலப் பூச்சைத் தேய்த்துவிடும். ஆதலாற் கயிற்றை முளைகளில் இழுத்துக் கட்டி, கிழமைக்கொருமுறை இறுக்கிவிடுதல் வேண்டும். கடலோரக் கிராமங்களிற் காற்றில் உப்பும் கலந்து வருவதால், கடலை நோக்கிய முனையை மட்டும் ஒரு தட்டியால் மறைக்கலாம்.

மரநிழலே போதுமென்பாரும் உளர். மாமரத்தின்கீழ் வெயில் குறைவென்பது மெய்யே. ஆனால் மழை விட்ட பின்னும் மரம் நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். சருகு எஞ்சினின் இடுக்குகளில் நிறைந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். தென்னையின்கீழ் நிறுத்துவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதேயில்லை.

போர்வை எதுவாயினும், அதன்கீழ்ச் செல்லும் யந்திரம் சுத்தமாகவும் உலர்ந்தும் இருத்தல் இன்றியமையாதது. அழுக்கோடும் ஈரத்தோடும் மூடுவதிலும் பார்க்க மூடாமல் விடுவதே மேல். சேற்றை முற்றாகக் கழுவி, குறைந்தது ஒரு முழுப்பகல் வெயிலில் விட வேண்டும். கழுவும்போது காற்று வடிக்குள்ளும் மின்னிணைப்புகளுக்குள்ளும் நீரைப் பாய்ச்சலாகாது. பின் எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு, பழைய எண்ணெயைச் சூட்டோடு வடித்துப் புதிய எண்ணெயை ஊற்றுதல் வேண்டும். பழைய எண்ணெயில் எரிபொருள் எரிந்தபோதுண்டான அமிலம் சேர்ந்திருக்கும். அது மாதக்கணக்கில் உள்ளே நின்றால் தாங்கிகளை அரிக்கும். போகத் தொடக்கத்தில் எண்ணெய் மாற்றும் வழக்கமுடையோர் அதனைப் போக முடிவுக்கு மாற்றிக்கொண்டால் மேலதிகச் செலவொன்றுமில்லை. வடித்த எண்ணெயை நிலத்தில் ஊற்றுதல் கூடாது. சுண்ணக்கற் பாறையுள்ள யாழ்ப்பாணத்தில் அது கிணற்றைச் சென்றடைய நெடுங்காலம் எடாது. கலப்பை அலகுக்கும் சுழல்கத்திகளுக்கும் புதிய கிறீசைப் பூசுதல் சிறந்தது. அது கிடையாதபோது கழிவெண்ணெயைத் துணியில் தோய்த்து அவற்றுக்கு மட்டும் மெல்லெனப் பூசலாம், கையில் உறையிருத்தல் வேண்டும், றப்பரிற் படலாகாது.

டீசற் தாங்கியை நிரப்பியே வைத்தல் வேண்டும். பாதி வெறுமையான தாங்கியினுள் நிற்கும் காற்று இரவிற் குளிர்ந்து, அதன் ஈரம் நீராகி அடியில் தங்கும். பெற்றோலில் ஓடும் எஞ்சினுக்கு இது பொருந்தாது. அதன் தாங்கியை வெறுமையாக்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். தேங்கிய பெற்றோல் பிசினாகி நுண்துளைகளை அடைத்துவிடும். நீராற் குளிரூட்டப்படும் எஞ்சினில் வெறும் கிணற்று நீரை விட்டிருந்தால் அதனை வடித்துவிடுதல் நன்று. ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினைக் கையாற் சுழற்றி, கடினமாகத் தடுக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்நிலையில் இரு வால்வுகளும் மூடியிருப்பதால் வெளிக்காற்று உள்ளே செல்லாது. அதன்பின் புகைக்குழாயின் வாயைத் தகரப்பேணியொன்றினாற் கவிழ்த்து மூடுதல் வேண்டும். பேணி ஐந்து சதமும் பெறாது. அதனை மறந்ததனால் எஞ்சினையே பிரித்துப் பூட்டியோர் உண்டு.

சில்லுகளின் அச்சுக்கு அடியிற் பனங்குற்றிகளை வைத்து, ரயர் நிலத்திற் படாதவாறு உயர்த்தினால் றப்பர் ஒரு பக்கம் நசிந்துபோகாது. உயர்த்த இயலாதவர் காற்றைக் குறையாது வைத்து, மாதமொருமுறை காற்சுற்று உருட்டிவிடலாம். வெயில் படும் பக்கத்து ரயரில் வெளிர் நிறச் சாக்கைத் தொங்கவிடுதலும் நன்று. வார்களைத் தளர்த்திவிட வேண்டும். நான்குசில்லு யந்திரத்திற் கிளச்சு மிதியை அழுத்தி ஒரு மரத்துண்டால் முட்டுக் கொடுத்து வைத்தால், கிளச்சுத் தட்டு ஒட்டிக்கொள்ளாது. பற்றரியுள்ள யந்திரங்களில் அதன் இணைப்பைக் கழற்றி, வீட்டினுள் உலர்ந்த இடத்தில் வைத்து, மாதமொருமுறை மின்னேற்றுதல் வேண்டும். 12 வோல்ற் பற்றரியொன்று 12.4 வோல்றுக்குக் கீழே இறங்கி நெடுநாள் நின்றால் மீண்டும் பழைய வலுவைப் பெறமாட்டாது.

தோட்டஞ் செய்வோரின் நீரிறைக்கும் யந்திரத்துக்கும் மருந்து தெளிகருவிக்கும் படங்கு தேவையில்லை. அவை தூக்கத்தக்கவையாதலின் வீட்டுத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். நுவரெலியா, வெலிமடைப் பகுதி மரக்கறிச் செய்கையாளர் இதனைக் கட்டாயமாகக் கொள்ளுதல் வேண்டும். அங்கே மூடுபனியும் தூறலும் விட்டுவிட்டுத் தொடர்வதால், வெளியிற் போர்த்த யந்திரம் உலர்வதற்கு நாளே கிடையாது. தெளிகருவியை மும்முறை கழுவி, மூடியைத் திறந்து கவிழ்த்து வைத்தல் வேண்டும். உணவுப் பொருட்களுக்கு அருகிலன்று.

போர்வையின் நிழலை நாடி வரும் வேறு உயிர்களையும் எண்ணிப் பார்த்தல் அவசியம். சூடடித்த வைக்கோலுக்கு அண்மையில் மூடி வைத்த யந்திரம் எலிக்கு ஆயத்தமான வீடாகும். அது கம்பிகளைக் கடிக்கும்; காற்று வடிக்குள் வைக்கோலை அடைக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். ஆகவே படங்கை நீக்குமுன் நீண்ட தடியால் தட்டிப் பார்த்தல் வேண்டும். இருளிற் கையை உள்ளே விடுதல் கூடாது. எலிக்கூட்டை வெறுங்கையால் அள்ளுதலும் தகாது. நெற்செய்கையாளரைப் பெரிதும் தாக்கும் எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரால் பரவுவதென்பதையும், கையிலுள்ள சிறு வெட்டுக்காயமே அதற்குப் போதிய வழியென்பதையும் மறத்தலாகாது. படங்கின் தொய்ந்த இடங்களில் நிற்கும் மழைநீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். நுளம்பு பெருகவிடுவோர்மீது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கலாம் என்பது ஒருபுறமிருக்க, முதலிற் கடிபடுவோர் வீட்டுப் பிள்ளைகளே. முன்னர்க் கூறிய கூடாரச் சரிவு இருந்தால் நீர் தேங்காது.

கட்டியபின் போகம் வரும்வரை திரும்பிப் பாராதிருத்தலும் தவறு. இரு கிழமைக்கொருமுறை, நல்ல வெயிலடிக்கும் முற்பகலிற் படங்கை நீக்கி, மாலைவரை காற்றுப்படவிட்டு மீண்டும் போடுதல் வேண்டும். அப்போது ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கும் வழக்கம் சிலரிடமுண்டு. அது நன்மை செய்வதில்லை. எஞ்சின் நன்கு சூடேறுமுன் நிறுத்தினால், எரிபொருள் எரிந்துண்டான நீராவி உள்ளேயே நீராகி எண்ணெயோடு கலந்துவிடும். ஓட்டுவதானால் அரை மணி நேரமாவது ஓட்டுக. இல்லையேல் தொடாது விடுக.

இவற்றுக்கெல்லாம் பணமும் நேரமும் ஏதென்று கேட்பவர், தம் யந்திரத்தின் ஒரு சோடி ரயர் இன்று என்ன விலை, ஒரு படங்கு என்ன விலை என்பதைக் கடையிற் கேட்டு ஒப்பிட்டுக்கொள்க. 2022ஆம் ஆண்டு எரிபொருள் கிடையாதபோது பல யந்திரங்கள் எதிர்பாராது நின்ற இடத்திலேயே நெடுநாள் நின்றன. அதே ஆண்டில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்ததனால் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. பணம் மட்டாயிருப்பவர் முதலிற் பேணியையும் பனங்குற்றியையும் கிறீசையும் கவனிப்பாராக. அடுத்தது கிடுகுக் கொட்டில். படங்கு அதன் பின்னரே. எவ்வகை யந்திரத்துக்கு எவ்வெண்ணெய் என்பதில் ஐயமுள்ளோர் அதனோடு வந்த கைந்நூலைப் பார்க்கலாம். அல்லது தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம்.

போகந் தொடங்குவதற்கு இரு கிழமைக்கு முன்னரே படங்கை நீக்கிவிடுதல் நல்லது; குறையேதும் கண்டால் திருத்துதற்கு அவகாசமிருக்கும். புகைக்குழாயிலுள்ள பேணியை முதலில் எடுக்க வேண்டும். காற்று வடியையும், குளவி மண்கூடு கட்டக்கூடிய துளைகளையும் பார்த்து, எண்ணெய், நீர் மட்டங்களைச் சரிபார்த்து, முட்டுக் கொடுத்த மரத்துண்டை நீக்கி, வார்களை இறுக்கியபின், எரிபொருளைத் திறவாமற் கையாற் சிலமுறை மெல்லச் சுழற்றுதல் வேண்டும். தடையின்றிச் சுழன்றாலே எஞ்சினை இயக்கலாம். கழற்றிய படங்கை இருபுறமும் வெயிலிற் காயவைத்து, கிழிந்த இடத்தைத் தைத்து, சுருட்டி, எலி எட்டாதபடி கொட்டில் வளையிற் கயிற்றிலே தொங்கவிடுதல் வேண்டும்.